கொமட் எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும்?

[காட்சி: கதிரையொன்றின் முன்னால் நிலத்தில் பதிந்திருக்கும் வெறுங்கால், அதனருகே அளவுநாடா.]

வணக்கம். கதிரையொன்றில் நிமிர்ந்து இருந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை நிலத்தில் முழுமையாகப் பதித்து, நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரைக்கும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அவ்வாறு அளந்தபோது தம்பிக்கு 17 அங்குலமும், எனக்கு 16 அங்குலமும், அம்மம்மாவுக்கு 14 அங்குலத்துக்குச் சற்றே கூடவும் வந்தன. கொமட் வாங்கப் புறப்படும் குடும்பம் கையில் எழுதிக்கொண்டு போக வேண்டிய கணக்கு இதுதான். நாங்களோ கொமட்டைப் பொருத்தி முடித்த பின்னரே அளந்தோம்.

கடையில் நாங்கள் கேட்டவை வேறு. நிறம் மங்குமா, மூடி சத்தமில்லாமல் இறங்குமா, தண்ணீர்த் தாங்கி தனியா சேர்ந்ததா என்றெல்லாம் கேட்டோம். உயரமானதுதான் வயதானவர்களுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். கனடாவிலிருந்து தொலைபேசியில் மாமாவும் அதையே சொன்னார். இருக்கை மட்டம் 18 அங்குலமாக இருந்த கொமட் வீட்டுக்கு வந்தது. முதல் நாளே அம்மம்மா அதில் இருந்தபோது அவரது குதிக்கால்கள் நிலத்தைத் தொடவில்லை. விரல் நுனிகள் மாத்திரம் ரைலில் பட்டுக்கொண்டிருக்க, இரண்டு கைகளாலும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உயரமான இருக்கை வயதானவர்களுக்கு உகந்தது என்ற கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது முழங்காலை ஆழமாக மடித்துப் பின்னர் உடலின் பாரம் முழுவதையும் தொடைத் தசைகளால் தூக்க வேண்டியிருப்பதால், இருக்கை இரண்டு அங்குலம் உயர்ந்தாலே அந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. ஆனால் எழும்புவதற்கு இன்னொன்றும் தேவை: பாதம் நிலத்தில் ஊன்ற வேண்டும், அத்துடன் குதிக்கால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். கால் தொங்கினால் ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. இருக்கையின் முன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்துவதால் சிறிது நேரத்திலேயே கால் விறைக்கிறது; விறைத்த காலோடு ஈரத் தரையில் எழுந்து நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: இரண்டு கொமட்டுகள் பக்கம் பக்கமாக. ஒன்றில் 15 அங்குலம், மற்றதில் 18 அங்குலம் எனக் கோடு.]

சந்தையில் உள்ள தரையில் நிற்கும் கொமட்டுகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பார்க்கலாம். சாதாரண வகையில், இருக்கை வளையத்தையும் சேர்த்து, நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 அல்லது 16 அங்குலம் இருக்கும். உயர்ந்த வகையில் 17 முதல் 19 அங்குலம் வரை இருக்கும். இந்த இரண்டாவது அளவு அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிமுறையில் உள்ளது. சக்கர நாற்காலியிலிருந்து கொமட்டுக்கு மாறுபவருக்கு இரண்டு இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால்தான் உடலை நகர்த்துவது இலகு. வீட்டில் சக்கர நாற்காலி பாவிப்பவர் இருந்தால், அல்லது எல்லோருமே நெடியவர்களாக இருந்தால், உயர்ந்த வகையைத் தயங்காமல் வாங்கலாம். நாலடி பத்து அங்குல உயரமுள்ள, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் ஒரு மூதாட்டிக்கு அதே அளவைக் கொடுப்பது, தம்பியின் சப்பாத்தை அவருக்கு மாட்டிவிடுவதைப் போன்றது.

கடையில் ஒரு விடயத்தில் கவனம் தேவை. விவரத்தாளில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பீங்கான் விளிம்பு வரைக்குமான அளவு. அதன் மேல் வரும் இருக்கை வளையம் இன்னும் முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை கூட்டும். ஆகவே வளையத்தைப் பூட்டச் சொல்லி, அதன் மேலிருந்து நீங்களே அளக்க வேண்டும்.

அடுத்தது, மலம் கழிப்பதன் பொறிமுறை. எங்கள் ஊரில் வளவின் பின்புறத்தில் இருந்த மலசலகூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் குந்தியே பழகியிருக்கிறோம். குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை வளையம் போலச் சுற்றி முன்னோக்கி இழுத்து வைத்திருக்கிறது. கதிரையில் இருப்பதுபோல் இருக்கும்போது அந்த வளைவு ஓரளவே நிமிர்கிறது, குந்தும்போது கூடுதலாக நிமிர்கிறது. 2003 ஆம் ஆண்டில் இஸ்ரேலில் 28 பேரைக் கொண்டு செய்யப்பட்ட சிறிய ஆய்வொன்று எங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஏறத்தாழ 42 சென்ரிமீற்றர் உயரமான சாதாரண இருக்கை, 32 சென்ரிமீற்றர் உயரமான தாழ்ந்த இருக்கை, குந்துதல் ஆகிய மூன்று நிலைகளிலும் எடுத்த நேரத்தை அவர்கள் பதிந்தார்கள். சாதாரண இருக்கையில் சராசரியாக 130 செக்கன், தாழ்ந்த இருக்கையில் 114, குந்தும்போது 51. ஆய்வு சிறியதுதான், ஆனால் போக்கு தெளிவு: இருக்கை உயர உயர நேரமும் முக்குவதும் கூடுகின்றன. மலச்சிக்கலால் அவதிப்படும் ஒருவர் வீட்டில் இருந்தால், 18 அங்குலக் கொமட் அவருக்கு உதவி செய்யாது.

முழங்காலுக்கு உயரம் வேண்டும், குடலுக்குத் தாழ்வு வேண்டும். இந்த இழுபறியில் எனது தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரேயொரு குளியலறை உள்ள வீட்டுக்கு இருக்கையோடு சேர்த்து 15 முதல் 16 அங்குலம் வரையான சாதாரண வகையே பொருத்தம். தாழ்ந்ததைத் தேவைப்படும்போது உயர்த்தலாம். இடுப்பு அல்லது முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வருபவருக்காக, விளிம்பில் மாட்டிக் கழற்றக்கூடிய பிளாஸ்ரிக் உயர்த்திகள் இரண்டு அங்குலத்திலிருந்து கிடைக்கின்றன. உயர்ந்த பீங்கானைத் தாழ்த்த வழியே இல்லை. பாதத்தின் கீழ் பலகை வைக்கலாம், ஆனால் எழும்பும்போது அதில் தடக்கி விழப்போவது யாருக்காக வைத்தோமோ அவர்தான். சிறுவர்களுக்கு அந்தப் பலகை பரவாயில்லை; அவர்கள் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவார்கள்.

பின்புறத்தில் பழைய குந்தும் மலசலகூடம் நல்ல நிலையில் இருந்தால், அதை இடித்து அங்கேயும் ஒரு கொமட் வைக்க அவசரப்படாதீர்கள்.

[காட்சி: சுவரில் நிலத்துக்கு அருகே உள்ள தண்ணீர்க் குழாய், கீழே வாளியும் கோப்பையும்.]

வெளிநாட்டு விளக்கங்கள் பலவற்றில் வராத ஒன்று இங்கே உண்டு. நாங்கள் தண்ணீரால் கழுவுகிறோம். குந்துபவருக்காக நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் பூட்டிய குழாயை, கொமட்டில் இருப்பவர் பக்கவாட்டில் சரிந்து எட்ட வேண்டியிருக்கும். வாளியில் கோப்பையை விட்டு அள்ளுவதும் அப்படித்தான். இருக்கை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குச் சரிவும் கூடும். வயதானவர்கள் இந்தச் சரிவில் நிலை தடுமாறக்கூடும். கொமட்டை மாற்றும்போதே குழாயையும் உயர்த்துங்கள், அல்லது கைக்கெட்டும் இடத்தில் பீச்சுக் குழாய் பூட்டுங்கள். குழாய் வேலை முடிந்து ரைல் பதித்த பின்னர் இது நினைவுக்கு வந்தால் ரைலைத்தான் உடைக்க வேண்டும்.

ரைல் என்றதும் இன்னொன்று. பழைய கொமட்டைக் கழற்றாமல், அதைச் சுற்றிப் புதிய ரைல் பதிக்கும் பழக்கம் மேசன்மார் சிலரிடம் உண்டு. சாந்தும் ரைலும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறினால், 15 அங்குல இருக்கை பதின்மூன்றரை ஆகிவிடும். மறுபுறம், தாழ்ந்த கொமட்டை உயர்த்துவதற்காக அடியில் சீமெந்து மேடை கட்டுவோரும் உண்டு. அந்த மேடை கொமட்டின் அடியை விட அகலமாக இருந்தால் குதிக்காலைப் பின்னே இழுக்க இடமில்லாமல் போகும். கால் விரல் இடிக்கும், ஓரத்தில் தண்ணீரும் தேங்கும். கட்டுவதானால் கொமட்டின் அடி அளவுக்கே கட்ட வேண்டும். கழிவுக்குழாயின் வாயும் அதே அளவு உயர வேண்டும் என்பதையும் மேசனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவரில் தொங்கும் வகையை விரும்பிய உயரத்தில் பூட்டலாம். அதன் சட்டகம் சுவருக்குள் மறைவதால் விலையும் வேலையும் கூடும். பூட்டிய பின் உயரத்தை மாற்றுவதற்குச் சுவரைத் திறக்க வேண்டும்.

கைபிடியைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு அங்குல உயரத்தை விட ஒரு நல்ல கைபிடி பெறுமதி. அமெரிக்க விதிமுறை அதனை நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஆனால் அம்மம்மா இருந்தபடியே கையை நீட்டிக் காட்டிய இடம் அதை விடத் தாழ்வாகவே இருந்தது, அங்கேயே பூட்டினோம். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லில் ஆணி பிடிக்காது. சுவர் கட்டும்போதே அந்த இடத்தைக் கொங்கிறீற்றால் நிரப்பிவிட வேண்டும். துவாய் போடும் கம்பி கைபிடி ஆகாது.

[காட்சி: சாந்து வைக்கப்படாத கொமட், அருகே மேசன் நிற்கிறார்.]

கொமட்டை வைத்துச் சாந்து பூசுவதற்கு முன்னர், அதை அதன் இடத்தில் வெறுமனே நிறுத்தச் சொல்லி, மேசன் ஆடாமல் பிடித்துக்கொள்ள, இருக்கை வளையத்தையும் பூட்டி, வீட்டின் மூத்தவரை உடுத்த உடுப்போடு அதில் இருத்துங்கள். அவரது குதிக்காலின் கீழ் ஒரு கடதாசித் துண்டை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கடதாசி இலகுவாக வந்துவிட்டால், அந்தக் கொமட் அவருக்கு உயரம்.