பத்து ரூபாய்ப் புத்தகமும் இரவு விவாதமும்

எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்கு, மலிவு விலைப் புத்தகங்கள், அரசியல் செய்தி, இந்த மூன்றில் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். நான் மூன்றையும் சேர்த்தே பேசப் போகிறேன். தமிழ்நாட்டில் இந்த மூன்றும் ஒரே மைதானத்தில் வளர்ந்தவை, ஒன்றை விட்டு ஒன்றைப் பேச எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து அரசியல் கூட்டங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேடையில் தலைவர் பேசுவதற்கு முன்னால் பாட்டு இருக்கும், சில ஊர்களில் நாடகமே இருக்கும். மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அணாக் கணக்கில் சின்னச் சின்னப் புத்தகங்களை விற்பார்கள். பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறவர் அந்தப் பேச்சையே அச்சில் வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் படிப்பகத்திலோ சலூனிலோ டீக்கடையிலோ ஒருவர் சத்தமாகப் படிக்க நாலு பேர் கேட்பார்கள், ஐந்தாவது ஆள் மறுத்துப் பேசுவார். மறுத்துப் பேசுகிறவருக்கும் கையில் அதே புத்தகம் இருக்கும், அதே பக்கத்தைக் காட்டிப் பேச வேண்டியிருக்கும். இதைத்தான் நான் முக்கியம் என்கிறேன்.

‘சினிமாவும் நாடகமும் பார்த்துத்தான் தமிழன் கெட்டான்’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்துவதற்காகவே 1954இல் சென்னை மாநிலத்தில் நாடகச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு நடிகனைப் பார்த்து அரசாங்கம் சட்டம் போடுகிற அளவுக்கு அந்தப் பொழுதுபோக்கில் விஷயம் இருந்தது. அந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013இல்தான், அதுவரை அது சட்டப் புத்தகத்தில் கிடந்தது. என்.எஸ். கிருஷ்ணன் மக்களைச் சிரிக்க வைத்தார், சிரிக்க வைத்தே சாதியைப் பற்றியும் குடியைப் பற்றியும் பேசினார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் யோசிக்காமல் போகவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மலிவு விலை என்றதும் மட்டமான தாள், மட்டமான சரக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் 1950களில் என்ன செய்தார் தெரியுமா? பழந்தமிழ் இலக்கியங்களை அறிஞர்களை வைத்துச் சரிபார்த்து, சாதாரண ஆள் படிக்கிற மாதிரி சந்தி பிரித்து, அதில் பல நூல்களை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தார். சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். அது எப்படிச் சாத்தியமானது என்றால், 1949இல் அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையைப் பெற்று, பிறகு அவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒரு அரசு முடிவும் ஒரு பதிப்பாளரின் பிடிவாதமும் சேர்ந்தால் கூலி வேலை செய்கிறவர் வீட்டிலும் பாரதி இருப்பார். பெரியாரின் சிறு வெளியீடுகளும் அப்படிப் போனவைதான், அவருடைய புத்தகம் ஒன்று இந்தக் காலத்திலும் பத்து ரூபாய்க்குக் குவியல் குவியலாக விற்றதைப் புத்தகக் காட்சிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சோவியத் புத்தகங்களைச் சொல்லாமல் விட முடியாது. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, நல்ல தாளில், கெட்டி அட்டையில், நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக நம்ப முடியாத விலையில் வந்தன. அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் பிரச்சார நோக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் ரஷ்ய நாவல்களை இங்கே ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சொந்தமாக வாங்கி அடுக்கி வைக்க முடிந்ததற்கும் அதுவேதான் காரணம். 1991இல் அந்த நாடு உடைந்ததும் வரத்து நின்றுபோனது.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பழைய புத்தகக் கடைக்கு வரும். சென்னையில் 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததைப் பற்றிப் பேசும்போது இன்னமும் குரல் தழுதழுக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அங்கே எரிந்ததில் எத்தனையோ கட்சி வெளியீடுகள், மாநாட்டு மலர்கள், நின்றுபோன பத்திரிகைகள் இருந்திருக்கும், எந்த நூலகமும் வாங்கி வைக்காதவை. பிளாட்பாரத்தில் ‘எதை எடுத்தாலும் பத்து ரூபாய்’ என்று குவித்திருக்கிற இடத்தில் இன்றைக்கும் குனிந்து தேடிப் பாருங்கள். சமையல் குறிப்புக்கும் ராசி பலனுக்கும் நடுவில் ஏதோ ஒரு பழைய சட்டமன்ற உரை கிடைக்கும். இன்றைக்குச் சண்டை போடுகிற இரண்டு கட்சிகள் அன்றைக்கு ஒரே மேடையில் நின்று என்ன பேசின என்பது அதில் இருக்கும்.

இப்போது செய்திக்கு வருகிறேன். தமிழில் முதல் தனியார் தொலைக்காட்சிகளில் ஒன்றான சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. 1999இல் ஜெயா டிவி, 2006இல் மக்கள் தொலைக்காட்சி, 2007இல் கலைஞர் டிவி, 2010இல் கேப்டன் டிவி. கட்சிக்கொரு சேனல் என்று பலர் குறைப்படுகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கட்சிக்கொரு பத்திரிகை முன்பே இருந்தது, படிக்கிறவருக்கும் இது யாருடைய பத்திரிகை என்று தெரிந்துதான் இருந்தது. என் வருத்தம் வேறு. 2011க்குப் பிறகு இருபத்து நாலு மணி நேரச் செய்தி சேனல்கள் வரிசையாக வந்தன, நாள் முழுக்க நிரப்பியாக வேண்டும். ஒரு நிருபரையும் கேமரா ஆளையும் ராமநாதபுரத்துக்கு அனுப்பி, நாலு நாள் தங்க வைத்து, தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி அரை மணி நேரம் காட்டுவதற்குச் செலவு அதிகம். நாலு பேரை ஸ்டுடியோவில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச விடுவதற்குச் செலவு மிகக் குறைவு. இரவு விவாதம் பெருகியதற்கு இந்தக் கணக்குதான் பெரிய காரணம். டிஆர்பிக்காக, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற அளவீட்டுக்காகத்தான் இப்படி என்பார்கள், அதுவும் பாதிதான் சரி. 2020 அக்டோபரில் டிஆர்பி மோசடிப் புகார் வெடித்ததும் செய்தி சேனல்களுக்கான வாராந்திர அளவீட்டையே நிறுத்தி வைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. நடுவில் இருந்த அந்த ஒன்றரை வருஷத்தில் நான் பார்த்தவரை விவாதங்களின் சத்தம் குறையவில்லை.

ஒரே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி தமிழ்நாடு அரசு நிதி நிலைமை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அன்று இரவு எல்லாத் திரையிலும் ஒரே எண்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். மறுநாள் மார்க்கெட்டில் ஒரு அம்மா ‘எங்க வீட்டுக்காரரு அவ்வளவு கடன் வாங்கலையே’ என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த எண் எப்படி வந்தது? மாநிலத்தின் மொத்தக் கடன் சுமார் 5.7 லட்சம் கோடி, குடும்பங்கள் சுமார் 2.16 கோடி, அதை இதால் வகுத்தார்கள், அவ்வளவுதான். எந்தக் குடும்பத்து வாசலிலும் யாரும் வந்து வசூலிக்கப் போவதில்லை. அதே அறிக்கையில் அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்றும் இருந்தது. அது ஏன், டீசலா, சம்பளமா, ஏறாத கட்டணமா, மலைக் கிராமத்துக்கு நாலு பேருக்காக ஓடுகிற பேருந்தை நஷ்டம் என்றே சொல்லலாமா, இதெல்லாம் ஊரே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பேசினோமா? யார் ஆட்சியில் கடன் ஏறியது என்பதிலேயே ஒரு மணி நேரமும் போனது. அந்த அறிக்கையை இருபது ரூபாய்க்குச் சின்னப் புத்தகமாகப் போட்டு ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் யாராவது விற்றிருந்தால் அந்த அம்மாவின் வீட்டில் படிக்கிற பிள்ளை ஐந்து நிமிஷத்தில் விளக்கம் சொல்லியிருக்கும்.

தேர்தல் அறிக்கையையும் அப்படித்தான் பார்க்கிறேன். 2021இல் திமுக அறிக்கையில் 505 வாக்குறுதிகள், எண் போட்டே கொடுத்தார்கள். எத்தனை நிறைவேறியது என்பதில் திமுகவுக்கு ஒரு கணக்கு, எதிர்த் தரப்புக்கு ஒரு கணக்கு, இரண்டு பேரும் டிவியில் கத்தினார்கள், நடத்துகிறவர் நேரம் முடிந்தது என்றார். புத்தகம் கையில் இருந்தால் நாமே வரிசையாக டிக் அடிக்கலாம், இதில் கட்சி பார்க்கத் தேவையில்லை, எதிர்த் தரப்பு அறிக்கையையும் அதே மாதிரி பார்க்கலாம். திமுக ஜெயித்த 1967 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்று ஒரு பக்கம், கொடுத்தோம் என்று இன்னொரு பக்கம். மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பதுதான் அன்றைய முழக்கம், ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார்கள், மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. இரண்டு தரப்பும் பாதியைத்தான் சொல்கிறது. முழுசாகத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்துப் பத்திரிகையும் துண்டு வெளியீடும் வேண்டும், அவை இப்போது காயலான் கடையில் கிடக்கின்றன.

அதனால் இன்றைக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தியா சுதந்திரம் அடைந்தபின் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது இந்த மாநிலம்தான், 1948இல். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், இந்தக் கட்டடம் நம் காசு. இங்கே ஒரு அலமாரி ஒதுக்கித் தர முடியுமா என்று நூலகரிடம் கேட்டேன், தருகிறேன் என்றார். தேர்தல் அறிக்கைகள், பட்ஜெட் உரைகள், மாநாட்டு மலர்கள், கட்சி வெளியீடுகள், எந்தக் கட்சியானாலும் எந்த வருஷமானாலும் சரி, உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடைக்குப் போடாமல் கொண்டுவாருங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் டிவியில் அதிகம் அடிபட்ட விஷயம் எதுவோ அதற்கான மூல அறிக்கையை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் மறுத்துப் பேசட்டும். முதல் மாதம் பேருந்துக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாமா, மின்சாரக் கட்டணத்தையா என்று இப்போதே முடிவு செய்துவிடலாம். யார் முதலில் பேசுகிறீர்கள்?