ஆணியா, திருகாணியா: முதுகுப்பூட்டு மடக்குக்கத்தியின் கட்டுமானம்

நேயர்களுக்கு வணக்கம். லாக்பேக் என்று கடைகளில் வழங்கும் முதுகுப்பூட்டு மடக்குக்கத்தியை வாங்க நினைப்பவர், அலகின் எஃகையும் பிடியின் அழகையும் பார்க்கிற அளவுக்கு, அதன் பாகங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் முறையைப் பார்ப்பதில்லை. சில கத்திகள் ஆணியடித்து நிரந்தரமாக மூடப்பட்டவை. சில, திருப்புளி கொண்டு எந்நேரமும் திறக்கக்கூடியவை. இவற்றில் எது வலியது என்ற கேள்வியே வழக்கமாக எழுகிறது. நான் அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க விரும்புகிறேன்: கத்தியின் இறுக்கத்தைச் சரிபார்க்கும் வேலை யாருடையது, செய்தவருடையதா, வைத்திருப்பவருடையதா?

முதலில் பூட்டைப் பார்த்துவிடுவோம். பிடியின் முதுகு நெடுக ஓர் எஃகுத் தண்டு படுத்திருக்கிறது. நடுவில் ஓர் ஆணி அதைத் தாங்குவதால் ஏற்றப்பலகை போல அது ஏறி இறங்கும். பின்முனையை ஒரு ஸ்பிரிங் அடியிலிருந்து மேலே தள்ள, முன்முனையில் உள்ள கொக்கி கீழிறங்கி, விரிந்த அலகின் அடிப்பாகத்தில் வெட்டப்பட்ட காடிக்குள் விழுந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்டின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் கொக்கி எழும்பி அலகு விடுபடும். ஆக, அலகு சுழலும் அச்சு, தண்டைத் தாங்கும் ஆணி, ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்கும் பின்பகுதி என மூன்று இடங்களில் இணைப்பு தேவைப்படுகிறது. மூன்றும் ஒரே முறையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஆணிக் கட்டுமானத்துக்கு எல்லோரும் அறிந்த உதாரணம், பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட பக் 110 மடக்குக்கத்தி. பிடியின் முனைகளில் பொருத்திய உலோகத் துண்டுகளுக்கு முகப்பு என்று பெயர். அதன் பித்தளை முகப்புகளை உற்றுப் பார்த்தாலும் ஆணியின் தலை எளிதில் தென்படாது. துளையின் வாயைச் சற்றே அகலமாகக் குடைந்து, ஆணியின் முனையைச் சிறு சுத்தியலால் பலமுறை மெல்லத் தட்டி அந்தக் குடைவுக்குள் விரியச் செய்து, பிறகு மேற்பரப்பு முழுவதையும் தேய்த்து மெருகேற்றிவிடுகிறார்கள். ஆணியும் முகப்பும் ஒரே உலோகமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பட்டறையில் இந்த வேலையைப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அதன் சங்கடம் புரியும். ஓர் அடி கூடுதலாக விழுந்தால் அலகு இறுகி நகராது. ஓர் அடி குறைந்தால் அலகில் ஆட்டம் தங்கிவிடும். அதனால் அலகுக்கும் முகப்புக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். தட்டி முடித்தபின் தகட்டை உருவிவிட்டால், அலகு தடையின்றி அசைவதற்கு வேண்டிய இடைவெளி மட்டும் மிஞ்சும். இந்த அளவு ஒருமுறை அமைந்துவிட்டால், அது அந்தக் கத்தியின் ஆயுள் முழுவதற்குமானது.

திருகாணிக் கட்டுமானத்தில் அச்சு என்பது பெரும்பாலும் உட்புறம் மரை வெட்டிய ஒரு குழல். அதற்குள் மறுபக்கத்திலிருந்து திருகாணி ஏறுகிறது. குழல் தானும் சேர்ந்து சுழலாமலிருக்க அதன் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, பிடியிலும் அதே வடிவில் துளை அமைப்பது வழக்கம். அலகின் இருபுறமும் வெண்கல அல்லது டெஃப்லான் வாஷர்கள் இருக்கும். திருகாணித் தலைகள் 1967இல் உருவான, ஆறுமுனை நட்சத்திரக் குழி கொண்ட டோர்க்ஸ் வகையைச் சேர்ந்தவையாக இருப்பதே இன்று மிகுதி. டி6, டி8 அளவுத் திருப்புளிகள் இருந்தால் பெரும்பாலான கத்திகளுக்குப் போதும். 1990இல் ஆணிக் கட்டுமானத்தோடு அறிமுகமான ஸ்பைடர்கோ நிறுவனத்தின் முதுகுப்பூட்டுக் கத்திகளான டெலிகாவும் எண்டுராவும், நான்காம் தலைமுறையில் பிடிக்குள் எஃகுத் தகடுகளையும் வெளியே திருகாணிகளையும் பெற்றன.

வலிமையைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வழக்கு இல்லை என்பதே என் கருத்து. கெட்டியான ஆணி மெலிதாக இருக்கும். உள்ளே துளையுள்ள குழல் அதைவிடத் தடிமனாக இருக்கும். பூட்டு தாங்குமா என்பதைத் தீர்மானிப்பவை கொக்கியும் காடியும் பொருந்தும் விதம், தண்டின் தடிமன், அதைத் தாங்கும் ஆணி ஆகியவையே.

உண்மையான வேறுபாடு ஆட்டம் விழும்போதுதான் தெரியும். ஆட்டத்தில் இரு வகை உண்டு. அலகு இடமும் வலமும் அசைந்தால், திருகாணிக் கத்தியில் அச்சைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினாலே சரியாகிவிடும். ஆணிக் கத்தியிலோ ஆணியின் தலையை மீண்டும் பக்குவமாகத் தட்ட வேண்டும், அல்லது செய்தவரிடமே அனுப்ப வேண்டும். ஆனால் அலகு மேலும் கீழும் அசைந்தால், திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. அது கொக்கியும் காடியும் தேய்ந்ததாலோ, துளை அகன்றதாலோ வந்தது. இதை அறியாமல் இறுக்கிக்கொண்டே போய் மரையைக் கெடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்து, கோல்டு ஸ்டீல் நிறுவனம் பயன்படுத்திய ட்ரை-ஆட் பூட்டு, தண்டின் துளையை நீள்வாக்கில் அமைத்தும் தனியாக ஒரு தடுப்பாணியை வைத்தும் இந்தத் தேய்மானத்தைச் சமாளிக்கிறது. அந்தத் தீர்வு பூட்டின் வடிவத்தில் இருக்கிறது, திருகாணியில் இல்லை.

கழற்றித் துடைக்கலாம் என்பது திருகாணிக்குச் சொல்லப்படும் அடுத்த பெருமை. பிடிக்குள் உள்ள பக்கவாட்டுத் தகடே பூட்டாக அமையும் கத்திகளில் அது எளிது. முதுகுப்பூட்டில் அவ்வளவு எளிதல்ல. கழற்றும்போது ஸ்பிரிங் விசையோடு தெறிக்கும். திரும்பப் பூட்டும்போது தண்டை அழுத்திப் பிடிக்க ஒரு கை, துளைகளை நேர்படுத்த ஒரு கை, அச்சைச் செருக ஒரு கை என மூன்று கைகள் வேண்டும்; அனுபவமுள்ளவர்கள் தற்காலிகமாகச் சிறு கம்பியொன்றைத் துளையில் செருகி அந்த மூன்றாம் கையின் குறையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று அறிவித்திருக்கும் நிறுவனங்களும் உள்ளன. மற்றபடி, ஆணிக் கத்தியைச் சோப்புக் கலந்த வெந்நீரில் முக்கி, பலமுறை விரித்து மடக்கி, நன்றாக உலர்த்தி, அச்சிலும் தண்டின் ஆணியிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால், தினசரி அழுக்குக்கு அதுவே போதுமானது.

ஆகவே, அலகின் அச்சில் திருகாணியும் தண்டின் நடுவில் ஆணியும் கொண்ட கலப்புக் கட்டுமானமே முதுகுப்பூட்டுக்குப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பயன்படுத்துபவர் திருத்தக்கூடிய ஒரே இடம் அலகின் அச்சு. அங்கே மட்டும் திருப்புளி நுழைய வழியிருந்தால் போதும். அப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பவர்கள், திருகாணி தானாகத் தளராமலிருக்கத் தடவும் மரைப்பசையைக் கவனமாகக் கையாள வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத மரையில் அது பிடிக்காது. அளவு மிஞ்சினால் வாஷருக்குள் கசிந்து அலகையே ஒட்டவைத்துவிடும். நீல நிறப் பசையில் ஊசிமுனை அளவு தொட்டு, திருகாணியின் மரை நுனியில் மட்டும் தடவி, இறுக்கம் பார்த்து நிறுத்தியபின் 24 மணி நேரம் கத்தியைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.