கிறிஸ்து உருவாகுமளவும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

விடுதியில் காலை ஆறு மணிக்கு அடிக்கும் ஜெப மணியோடு என் வாழ்நாளில் 22 வருஷம் கழிந்திருக்கிறது. வேலூரை அடுத்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன்; கூடவே பெண்கள் விடுதிக்கு வார்டனாகவும் இருந்தேன். ஓய்வு பெற்றுக் காட்பாடியில் குடியேறிய பிறகும் ஆறு மணிக்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. கிறிஸ்தவக் கல்லூரிகளில் பிள்ளைகளின் விசுவாசம் எப்படி வளர்கிறது என்று பேசுங்கள் என நிலையத்தார் அழைத்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்த மணிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பதிவேடு. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

வேலூரில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு டாக்டர் ஐடா ஸ்கடரின் கதை ஞாயிறு பள்ளியிலேயே பாடம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா, பெரியப்பாமார் என்று குடும்பமே மிஷனரிக் குடும்பம். அவருக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்த சமயம், ஒரே இராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். ஆண் டாக்டர் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கெஞ்சினார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இராத்திரி ஐடா தன்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். நாம் கதையை அந்த இடத்தில் முடித்துவிடுகிறோம்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். கடல் கடந்து போய் வருஷக்கணக்கில் படித்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் வேலூருக்கு வந்தார். டாக்டரான அப்பாவின் கீழே வேலை கற்றுக்கொள்ளலாம் என்றால், அந்த வருஷமே அப்பா காலமாகிவிட்டார். வீட்டின் ஒரு சிறிய அறையில், ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கியது. நோயாளிகள் வரவே தயங்கினார்கள். 40 படுக்கையுள்ள மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது 1902இல். செவிலியர் பயிற்சி 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல். 1960இல் அவர் கண்மூடும்வரை இதுதான் அவர் வாழ்க்கை. திண்டிவனத்து இராத்திரி ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு வந்த பகல்கள் அறுபது வருஷத்துக்கு மேல்.

எங்கள் ரிட்ரீட்டுகளில் அந்த இராத்திரியைத்தான் பிரசங்கிப்பார்கள். ஏலகிரி மலையில் மூன்று நாள் கூட்டம். கடைசி நாள் இரவு விளக்கைக் குறைத்துவிட்டு, மெதுவாகப் பாட்டுப் பாடி, ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்து நிற்பார்கள். அந்தக் கண்ணீரை நான் ஒருபோதும் பொய் என்று சொல்லமாட்டேன். நானே அப்படி எழுந்து நின்றவள்தான். ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, இன்டர்னல் தேர்வும் வீட்டுக் கவலையும் சூழ்ந்துகொண்ட பிறகு, அந்தப் பிள்ளையோடு நடக்க யார் இருக்கிறார்கள்? கூட்டத்துக்குச் செலவழித்த பணமும் ஜெபமும் அந்தத் திங்கட்கிழமைக்கு மிஞ்சியிருக்கிறதா?

இப்போது அந்தப் பதிவேடு.

காலை ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு நீல மை, வராதவர்களுக்குச் சிவப்பு மை. மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். இந்த முறையை ஏற்படுத்தியவள் நான்தான். ஒழுங்கு இருந்தால் பக்தி தானாக வரும் என்று அன்று உண்மையாகவே நம்பினேன்.

குடியாத்தம் பக்கமிருந்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறவர். ஜெபக்குழுவில் பாட்டு நடத்துகிறவள் அவள். குரல் அப்படி இருக்கும். இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. குழுவே அவளோடு சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்தது. சந்தேகப்படாமல் ஜெபித்தால் சுகம் நிச்சயம் என்று சீனியர் பிள்ளைகள் வாக்குக் கொடுத்தார்கள். அவர் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தவள் ஜெபத்துக்கு வரவில்லை. ஒரு சிவப்பு, இரண்டு, மூன்று. ஜெபக்குழுவின் விண்ணப்பப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ‘பின்வாங்கிப்போன சகோதரி’ என்று எழுதினார்கள். நான், புருஷனை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத அவள் அம்மாவுக்கு, உங்கள் மகள் ஜெபத்துக்கு வருவதில்லை என்று கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். இதை இத்தனை வருஷம் கழித்தும் குரல் நடுங்காமல் சொல்ல முடியவில்லை.

கடிதம் போன மறுநாள் சாயந்தரம், நேரிலும் கண்டித்துவிடலாம் என்று அவள் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கட்டிலின் மேல் எங்கள் சமையற்கட்டு ஆயா. பக்கத்தில் ஒரு டம்ளரில் கஞ்சி. ஆயா அவள் தலையை மடியில் சாய்த்து, எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஆயா, இங்க இருக்கீங்க?” என்றேன்.

“பொண்ணு நாலு நாளா ஒண்ணும் துன்னல மிஸ்ஸு. அப்பன் பூட்டான். தலைக்கு எண்ணெகூட வைக்காம கீது. யாரு பாப்பாங்க?” என்றார்.

ஆயா சத்துவாச்சாரியிலிருந்து நடந்து வேலைக்கு வருகிறவர். கிறிஸ்தவர் அல்ல, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். எங்கள் ஜெபக்குழுவில் நாற்பது பேர். அந்த நாற்பது பேரும் வார்டனாகிய நானும் நுழையாத அறைக்குள் அவர் தினமும் சாயந்தரம் போய்வந்திருக்கிறார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளாகவே கேட்டாள்: “எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்றாங்க மிஸ். அப்படின்னா எங்கப்பா சாவுக்கு நான்தான் காரணமா?”

வேதபாடம் நடத்தி நடத்திப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு ஒரு வசனமும் வரவில்லை. “இல்லம்மா. உன்னால இல்ல. ஏன்னு எனக்கும் தெரியலம்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

அன்றிரவு கலாத்தியர் நிருபத்தை எடுத்தேன். பவுல் அப்போஸ்தலன் எழுதுகிறார்: “என் சிறுபிள்ளைகளே, கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும் உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன்.” எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். கர்ப்பவேதனை என்ற வார்த்தையில் இப்போது நின்றுவிட்டேன். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாங்கள் கமிட்டி போட்டுப் பேசிக்கொண்டிருந்ததற்கு அவர் போட்ட பெயர் பிரசவ வலி. அந்த வலி பிள்ளையுடையது அல்ல, சுமக்கிறவருடையது. திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களும் பக்கத்தில் ஆளில்லாமல்தானே போனார்கள்? என் விடுதியில் ஒரு பெண்ணின் விசுவாசம் அதே மாதிரி ஆளில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. நான் சிவப்பு மையால் குறித்துக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டை அந்த மாதமே எடுத்துவிட்டேன். அதன் பலனையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஜெபத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பழைய எண்ணிக்கை திரும்ப வரவேயில்லை. நிர்வாகத்தில் எனக்குக் கேள்விகளும் வந்தன. கடிதத்துக்காக அவள் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

விடுதியில் செவ்வாய்க்கிழமைதோறும் வேதத்திலுள்ள சங்கீதங்களை வாசிக்க ஆரம்பித்தோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம், வாசிப்போம், அதற்குமேல் பேசினால் பேசலாம். சங்கீத புஸ்தகத்தின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் கடைசிவரை ஒரு ஆறுதல் வார்த்தை இல்லாமலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் கிழித்துப் போடவில்லை. அப்படியிருக்க, விசுவாசத்தில் தளர்ந்துபோன பிள்ளையை நாம் ஏன் பட்டியலில் ஏற்றுகிறோம்?

மருத்துவர் மேரி வர்கீஸைப் பற்றி அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அடிக்கடி பேசுவோம். ஐடா தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தவர், 1954இல் கார் விபத்தில் இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார். பிள்ளைகள் சக்கர நாற்காலியிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். அதற்கு முந்திய மாதங்களைக் கேளுங்கள் என்பேன். படுக்கையில் புரளக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்த மாதங்கள் அவை. சாட்சிக் கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடும் விஷயம் அல்ல.

மாணவர் ஐக்கியங்களைக் குறைசொல்வதற்காக இதையெல்லாம் நான் பேசவில்லை. 1954இல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. என்ற சுவிசேஷ மாணவர் இயக்கம், நம் ஊர்ப் பிள்ளைகள் இ.யூ. என்று அழைக்கிற அந்த ஐக்கியம், மாணவர்களே மாணவர்களை நடத்தட்டும் என்ற கொள்கையில் நிற்கிறது. அது பெரிய நம்பிக்கை. பத்தொன்பது வயதுப் பெண் இன்னொரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஆத்துமாவுக்காகப் பாரப்படுகிறாள். இதை வேறெங்கே பார்க்க முடியும்? அவர்களுக்குப் பின்னால் நிற்கவேண்டிய பெரியவர்கள் நாங்கள்தான் நிற்கவில்லை. பிள்ளைகள் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தபோது, அப்படிச் சொல்லாதீர்கள் என்று தடுக்க எனக்குத் தைரியம் இருந்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். இரவு ஜெபத்தில் கைகோத்து வட்டமாக நிற்கிறோம். அதே பிள்ளைகள் மெஸ்ஸில் எந்தெந்த மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று வார்டனைக் கேட்டால் தெரியும். படிப்பு முடிந்து வரன் பார்க்கும்போது, இரட்சிக்கப்பட்டவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனைக்குப் பக்கத்திலேயே சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த மெஸ் மேசையைத் தொடாத ஜெபத்தை நான் வளர்ச்சி என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நம் கல்லூரிகளில் படிப்பவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களும் அல்ல. திருத்தணிக்காரரான டாக்டர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனவர். இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் வைத்த விமரிசனமே தன் சமயத்தை ஆழ்ந்து படிக்கத் தன்னைத் தூண்டியது என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சுவிசேஷத்தை நேசிக்கிறவள் என்ற முறையில் அதை நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையின் நம்பிக்கையை ஏளனம் செய்துவிட்டு அவளிடம் அன்பைப் பற்றிப் பேச முடியாது. ஆயாவின் மடியைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தைரியம் சுத்தமாகப் போய்விட்டது.

அந்தப் பெண் மறுபடி சாப்பலுக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. கடைசிப் பெஞ்சில், வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். பாடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஒருவரும் திரும்பவில்லை. இன்று அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வருஷந்தோறும் அப்பா இறந்த நாளில் எனக்குப் போன் செய்வாள். போன தடவை கேட்டேன், இப்போதெல்லாம் ஜெபிக்கிறாயா என்று.

“வார்த்தையா இன்னும் வரல மிஸ். காலையில பசங்களுக்குத் தலை பின்னும்போது பாடறேன். அதோட சரி” என்றாள்.

பாடு, கேட்கிறேன் என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சின்னவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, முதல் அடியை எடுத்தாள்.

நன்றி. வணக்கம்.