எங்கே நின்று அளந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் 30 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். மணி அடித்ததும் சாக்பீஸ் கையைக்கூடக் கழுவாமல் கிரிக்கெட் பையன்களோடு மைதானத்துக்குப் போய்விடுவேன். வருஷா வருஷம் பையன்கள் மாறினார்கள், கேள்வி மட்டும் மாறவில்லை. "சார், உலகத்துலயே யாரு சார் ஃபாஸ்ட்டு?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். எனக்கு மனசு வந்ததில்லை. ஏன் என்பதை இன்றைக்கு உங்களிடம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த எண் ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 22, கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை. பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் ஓடி வந்து வீசினார். இங்கிலாந்தின் நிக் நைட் அந்தப் பந்தை லெக் பக்கமாகத் தட்டிவிட்டார். ஸ்டம்ப் பறக்கவில்லை, யாரும் கீழே விழவில்லை. திரையில் மட்டும் மணிக்கு 161.3 கிலோமீட்டர் என்று வந்தது. மணிக்கு நூறு மைலைத் தாண்டியதாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் பந்து அதுதான். அதற்கு முந்தைய வருஷமே லாகூரில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் 161-ஐத் தொட்டதாகக் கருவி காட்டியிருந்தது. அந்தக் கருவியின் அளவைச் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. ஏற்கவில்லை. வீசிய கை அதே கைதான். கருவியைப் பொறுத்து ஒன்று சாதனை ஆனது, மற்றது ஆகவில்லை.

பின்னால் ஆஸ்திரேலியர்களான பிரெட் லீ 2005-இல் 161.1, ஷான் டெய்ட் 2010-இல் 161.1. ஆக, அக்தர் முதலிடம் என்கிறோம். 161.3-க்கும் 161.1-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பந்து மட்டையாளரிடம் போய்ச் சேரும் நேரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டு, அந்த ஒரு பங்கிலும் பாதி. கருவிக்கே இருக்கக்கூடிய பிழை அதைவிடப் பெரியது. இந்த மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதுதான் நியாயம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாலையில் வண்டி வேகத்தைப் பிடிக்கப் போலீஸார் வைத்திருக்கும் கருவிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. கருவி ரேடியோ அலைகளை அனுப்பும், பந்தில் பட்டுத் திரும்பும். பந்து நம்மை நோக்கி வந்தால் திரும்பும் அலைகள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைக் கடக்கும்போது சத்தம் சட்டென்று இறங்குமே, அதே டாப்ளர் விளைவுதான். ஆனால் எவ்வளவு நுட்பம் பாருங்கள்! 150 கிலோமீட்டர் வேகப் பந்தென்றால், ஒரு கோடி அலைகளுக்கு மூன்று அலைகூட முழுசாக அதிகமாகாது. அந்தச் சொற்ப வித்தியாசத்தை எண்ணித்தான் கருவி நமக்கு வேகத்தைச் சொல்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

அந்தக் கருவியை வைக்கும் இடம் முக்கியம். ஆடுகளத்தின் நேர்க்கோட்டில், மைதான எல்லையில் நிறுத்தியிருக்கும் பெரிய திரையான சைட் ஸ்கிரீன் பக்கம் வைக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் பந்தின் முழு வேகம் கருவிக்குத் தெரியாது, தன்னை நோக்கி வரும் பங்கு மட்டுமே தெரியும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் ஒரு நாள் நான் கோட்டை விட்டேன். இரவல் வாங்கிய ஸ்பீடு கன்னோடு மைதானத்தில் வேப்பமர நிழலாகப் பார்த்து, கீப்பருக்குப் பின்னால் ஓரமாக, தேர்டுமேன் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அணியின் வேகமான பையன் வீசினான். 118. மறுபடி வீசினான். 117. முந்தைய வாரம் வேறு இடத்தில் 125 வந்ததாகச் சொல்லியிருந்தான். மூன்றாவது பந்துக்குத் தோளை முறுக்கிப் போட்டுவிட்டு, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து கீப்பருக்கு நேர் பின்னால் போய் நின்றேன். 125. இருபது டிகிரி சாய்வு அவனிடமிருந்து ஏழு கிலோமீட்டரைத் தின்றிருந்தது. அவன் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்தது, வேகத்தை எந்தக் கணத்தில் அளக்கிறோம் என்பது. டி.வி.யில் நாம் பார்க்கும் எண், பந்து கையை விட்ட வேகம். அங்கிருந்து காற்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் காற்றே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பறித்துவிடும். தரையில் குத்தி எழும்போது இன்னும் கொஞ்சம் போகும். கையை விடும்போது 150 இருந்த பந்து, மட்டைக்கு வரும்போது 130-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். வழி நெடுகச் சராசரி எடுத்தால் 140 சொச்சம். ஒரே பந்துக்கு மூன்று எண்கள்! மூன்றுமே உண்மை. மட்டையாளரின் காலடியில் விழுகிற மாதிரி 150-இல் வீசிய யார்க்கரும், பாதி வழியில் குத்தி எழுகிற மாதிரி 150-இல் வீசிய பவுன்சரும் திரையில் சமம், ஆனால் மட்டையாளரிடம் வந்து சேரும் வேகத்தில் சமமே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வாருங்கள். 1975 டிசம்பர், மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் 160-ஐத் தொட்டார். பின்னர் 1979-இல் அதே பெர்த்தில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். தாம்சன் 147.9 வீசி முதலாவதாக வந்தார். மைக்கேல் ஹோல்டிங் 141.3, இம்ரான் கான் 139.7, ஆண்டி ராபர்ட்ஸ் 138.6. டென்னிஸ் லில்லி 136.4.

லில்லிக்கு 136! இன்றைக்கு ஐ.பி.எல்.லில் 136 வீசினால் மிதவேகம் என்கிறார்கள். பின்னாளில் சென்னைக்கு வந்து எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் நம் பையன்களுக்கு வேகப்பந்து வீசச் சொல்லிக்கொடுத்த அதே லில்லி. அவரையும் ராபர்ட்ஸையும் ஹெல்மெட் இல்லாமல் சந்தித்த மட்டையாளர்கள் மிதவேகத்துக்கா அப்படித் துடித்தார்கள்? இந்த எண்களை இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, 'அந்தக் காலத்து ஆட்கள் மெதுவாகத்தான் வீசினார்கள்' என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஓர் ஊர் மரக்காலில் அளந்த நெல்லையும் இன்னோர் ஊர் மரக்காலில் அளந்த நெல்லையும் வைத்து யார் வயலில் விளைச்சல் அதிகம் என்று தீர்ப்புச் சொல்வார்களா? கேமரா அளவு வேறு, இன்றைய ரேடார் அளவு வேறு. போதாததற்கு 1979-இல் நடந்தது மேட்சே இல்லை. எதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் மட்டையாளர் இல்லாத இடத்தில் யாருக்கு அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர் வரும்? தாம்சனின் கதை இன்னும் வருத்தமானது. இடையில், 1976 டிசம்பரில், அடிலெய்டில் ஒரு கேட்ச் பிடிக்க ஓடி சக வீரர் ஆலன் டர்னரோடு மோதிப் பந்து வீசும் தோளே விலகிவிட்டது. அந்தத் தோளோடுதான் 1979-இல் அத்தனை பேரையும் முந்தினார்.

புதிய கருவி என்றால் தப்பே வராது என்றும் நினைக்க வேண்டாம். 2020 இளையோர் உலகக் கோப்பையில் இலங்கையின் மதீஷ பத்திரன வீசிய பந்துக்கு 175 என்று காட்டியது. 2022-இல் அயர்லாந்தில் புவனேஷ்வர் குமாருக்கு 201. 2024 டிசம்பரில் அடிலெய்டில் முகமது சிராஜுக்கு 181.6. இவை கருவிப் பிழை என்று எல்லோருக்கும் பார்த்ததுமே தெரிந்தது. எனக்குப் பயம் அங்கே இல்லை. 146 வீசிய பந்துக்கு 151 என்று காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்? மறுநாள் பேப்பரில் அதுதானே தலைப்பு?

கருவியே இல்லாத காலத்திலும் வேகம் தெரியத்தான் செய்தது. கீப்பர் எத்தனை அடி பின்னால் நிற்கிறார் என்று பார்ப்போம். ஓவருக்கு நடுவே அவர் சத்தமில்லாமல் இன்னும் இரண்டு அடி பின்வாங்கினால் பந்துவீச்சாளர் சூடாகிவிட்டார் என்று அர்த்தம். கையுறையில் பந்து விழும் சத்தம், ஸ்லிப்பில் நிற்பவர் விரல்களை உதறிக்கொள்வது, மட்டை கீழே வருவதற்குள் பேடில் 'பட்'டென்று கேட்பது. இவற்றுக்குத் தசம புள்ளி கிடையாது. ஆனாலும் எதிரே நின்று ஆடியவர் சொல்லும் சாட்சியத்தை நான் தள்ளமாட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று. உங்கள் வீட்டு செல்போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். போனை ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், நடுவுக்கு நேராக, பந்து கையை விடும் இடமும் மட்டையாளர் நிற்கும் கிரீஸ் கோடும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி அசையாமல் நிறுத்துங்கள். கை விட்ட இடத்துக்குக் கீழே தரையில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மட்டையாளரின் கிரீஸ் வரை டேப் வைத்து அளங்கள். கை விட்ட படத்திலிருந்து பந்து கிரீஸைக் கடக்கும் படம் வரை பொறுமையாக எண்ணுங்கள். எண்ணிக்கையை 240-ஆல் வகுத்தால் நேரம், தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம், அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர். பழைய டி.வி. ஒளிப்பதிவில் விநாடிக்கு 25 படம்தான். அதில் வேகமான பந்தொன்றுக்கு ஒரு படம் தவறினாலே 15 கிலோமீட்டர் தவறிவிடும். உங்கள் போனில் ஒரு படம் தவறினால் ஒன்றரை கிலோமீட்டர்கூட மாறாது.

வருகிற எண் சராசரி வேகம். டி.வி.யில் காட்டுவதைவிட நிச்சயம் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள். நோட்டில் தேதி, தூரம், படங்களின் எண்ணிக்கை, பக்கத்தில் 'சராசரி' என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில், அதே கோட்டில் நின்று மறுபடி அளந்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.