தண்ணீர்த் தாங்கி வற்றினால் யாருக்கு அழைப்பீர்கள்?

வணக்கம் நேயர்களே. உங்கள் ஊரில் எத்தனை சங்கங்கள் என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சனசமூக நிலையம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை. இவையெல்லாம் ஒரு வேலைக்காகச் சேரும்போது, அந்த வேலை உண்மையில் யாரைச் சுற்றி ஓடுகிறது? இருபது வருடமாக என்னை விடாத கேள்வி இது.

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஓர் ஆவணி மாதம். கிணறுகள் உவராகிவிட்டன. பிரதேச சபையின் பவுசர் தண்ணீர் கொண்டுவரும். ஒரு தொண்டு நிறுவனம் தாங்கிகள் கொடுத்திருந்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கிடுவது மாதர் சங்கம். ஒருங்கிணைப்புக்குப் போன நான், "இதில் ஆர் முக்கியம்?" என்று ஒவ்வொரு அமைப்பிடமும் கேட்டேன். எல்லாரும் பிரதேச செயலகம் என்றார்கள். சரி என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த கிழமை இரண்டு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பவுசர் வந்திருக்கிறது, தாங்கி பூட்டியிருந்ததால் திரும்பிப் போய்விட்டது! அப்போதுதான் கேள்வியை மாற்றினேன்: "தாங்கி வற்றினால் முதலில் யாருக்கு அழைப்பீர்கள்?" பவுசர் சாரதி, மாதர் சங்கத் தலைவி, தொண்டு நிறுவனத்துப் பெடியன், மூன்று பேரும் சொன்னது கடற்றொழிலாளர் சங்கச் செயலாளரை. அவர் மனைவியின் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார்.

திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். விடிய ஐந்து மணி, மீன் நிறுக்கும் கொட்டகை. தராசுக்குப் பக்கத்தில் செதில் ஒட்டிய ஒரு சீ.ஆர். கொப்பி. சாரதியின் இலக்கம், சாவி இருக்கும் வீடு, பவுசர் திரும்ப முடியாத ஒழுங்கை, எல்லாம் பென்சிலில். "விடிய எல்லாரும் இஞ்சதானே பிள்ளை வருவினம். கேட்டு எழுதி வைக்கிறனான்" என்றார். மாதர் சங்கமும் சாரதியும் நேரே பேசிக்கொண்டதே இல்லை. எல்லாப் பேச்சும் அந்தக் கொட்டகை வழியாகத்தான் போனது.

படம் வரைந்து காட்ட முடியாது, இது வானொலி. அதனால் திரும்பவும் சொல்கிறேன். எத்தனை பேரைத் தெரியும் என்பது வேறு, எத்தனை பேருக்கு நடுவில் நிற்கிறோம் என்பது வேறு. இந்த இரண்டாவதை அளக்க லின்டன் ஃப்ரீமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் ஒரு கணக்கே எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில், புளோரன்ஸ் நகரத்துக் குடும்பங்களின் கலியாணச் சம்பந்தங்களையும் வியாபாரத் தொடர்புகளையும் பாட்ஜெட், அன்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரோட்சி குடும்பத்திடம் பணம் அதிகம். ஆனால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத குடும்பங்களுக்கு நடுவில் நின்றது மெடிச்சி குடும்பம். 1434இல் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. நம்முடைய மீன் கொட்டகைக் கதைதான்.

ஆகவே, "ஆர் பெரியவர்" என்று கேட்காதீர்கள். "கடைசியாக யாரிடம் போய்க் கேட்டீர்கள்" என்று கேளுங்கள். அதையும் இரண்டு பக்கத்திலும், கேட்டவரிடமும் சொன்னவரிடமும், கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். யாருமே பெயர் சொல்லாத அமைப்புகளைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். அந்தக் கொப்பியை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாதர் சங்கத் தலைவி அதை முழுக்கப் பிரதி எடுத்துத் தன் வீட்டிலும் வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.