மெயில் வந்தது, ஆளுகளைக் காணோம்

வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று நம் பக்கத்து ஊர்களில் நிறைய வீடுகளிலும் கடைகளிலும் கணினி மாறியிருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய பெட்டியில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது என்பதால் பலர் புதிதாகவே வாங்கிவிட்டார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஓர் ஆச்சி கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, மெயிலெல்லாம் வந்துருச்சு. ஆளுகளத்தான் காணோம்."

ஆச்சி சொன்னது மிகச் சரி. மெயில் வேறு, முகவரிப் புத்தகம் வேறு. இன்று பெரும்பாலோரின் கடிதங்கள் இணையத்தில் ஒரு சர்வரில் இருக்கின்றன. கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் ஐமேப் என்ற முறையில் அவை தானாகப் புதுக் கணினிக்கு வந்துவிடும். ஆனால் ஐமேப்புக்குக் கடிதங்களை மட்டுமே தெரியும். முகவரிகளைக் கொண்டுவருவது அதன் வேலை இல்லை. அதற்குக் கார்டுடேவ் என்று தனியாக ஒரு முறை இருக்கிறது, 2011-இல் வகுத்தார்கள். அதைத் தனியாக இணைத்துக் கொடுத்தால்தான் ஆள்கள் வருவார்கள். இணைக்கிறவர் இதைச் சொல்லாமல் போய்விட்டால், வீட்டுக்காரர் இன்பாக்ஸ் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று பழைய பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்.

நம் ஊரில் இதன் விளைவு சின்னது இல்லை. வீடு கானாடுகாத்தானில் இருக்கும். பங்குக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) நாள் வைப்பது, கோயில் திருப்பணிக்கு வரி (பங்குப் பணம்) எழுதுவது, எல்லாவற்றுக்கும் ஊரில் இருக்கும் ஒருவர்தான் எழுதிப் போட வேண்டும். வாட்ஸ்அப் குழு இருந்தாலும், கணக்கு வழக்கு என்று வந்தால் பெரியவர்கள் மெயிலில்தான் கேட்கிறார்கள். ஒரே ஒரு பங்காளிக்குப் போகாமல் விட்டுப்போனால், "எனக்குச் சொல்லவில்லை" என்ற வருத்தம் எத்தனை வருஷம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கணினி மாறியதுதான் காரணம் என்று சொன்னால் அவர் மனம் ஆறாது. ஆற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது. புதுக் கணினி வந்த அன்றே பழையதை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை அழித்துச் சுத்தமாக்கித் தரச் சொல்லவும் வேண்டாம். பழையது ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தச் சிக்கலும் தீர்க்கக்கூடியதுதான். ஒரு மாதமாவது மூலையில் இருக்கட்டும்.

சரி, முகவரிகள் எங்கே இருந்தன? இதைக் கண்டுபிடிப்பதில்தான் பலருக்கும் குழப்பம். இரண்டு எழுத்து தட்டினாலே பெயர் வந்து நிற்கிறதே, அதுதான் முகவரிப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இல்லை. நீங்கள் முன்பு யாருக்கெல்லாம் எழுதினீர்களோ அந்த முகவரிகளை மென்பொருள் தானே நினைவில் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது. அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் 2007 பதிப்பு வரை அது தனியாக ஒரு கோப்பில் இருந்தது. 2010-லிருந்து அஞ்சல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தண்டர்பேர்டு என்ற இன்னொரு மெயில் மென்பொருளில் 'சேகரித்த முகவரிகள்' என்று தனி ஏடு. ஜிமெயிலில் 'மற்ற தொடர்புகள்' என்று ஓரமாக ஒரு பகுதி. பல வருஷமாக ஒருவருக்கு மாதாமாதம் எழுதியிருப்பீர்கள். முறையாக அவரை ஏட்டில் சேர்த்திருக்கவே மாட்டீர்கள். கணினி மாறியதும் காணாமல் போவது இப்படிப்பட்டவர்கள்தான். பழைய கணினியில் உட்கார்ந்து இந்தத் தானாகச் சேர்ந்த பெயர்களைப் பார்த்து, வேண்டியவர்களை உண்மையான முகவரி ஏட்டில் சேருங்கள். மாற்றும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அதன் 'ப்ரொஃபைல்' கோப்புறை முழுவதையும் அப்படியே எடுத்துப் புதுக் கணினியில் வைத்தால் கடிதம், முகவரி, குழு எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். தனித்தனியாக எடுப்பதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

அவுட்லுக்கில் இன்னொரு வகைச் சிக்கல் வரும். தொடர்புகள் எல்லாம் வந்திருக்கும், கண்ணுக்கும் தெரியும். ஆனால் கடிதம் எழுதும்போது 'டு' (யாருக்கு) பொத்தானை அழுத்தினால் ஏடு வெறுமையாக இருக்கும். பதற வேண்டாம். தொடர்புகள் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'அவுட்லுக் அட்ரஸ் புக்' என்ற பக்கத்தில், இந்தக் கோப்புறையை முகவரி ஏடாகக் காட்டு என்ற கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

அலுவலகங்களில், பள்ளி கல்லூரிகளில் சர்வரையே மாற்றினால் வேறொன்று நடக்கும். பக்கத்து அறையில் இருக்கிறவருக்கே மெயில் திரும்பி வரும். தானாக வந்து நிற்கும் அந்தப் பெயருக்குப் பின்னால், பழைய சர்வருக்குள் மட்டும் புழங்கிய ஒரு நீண்ட உள்முகவரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். பெயர் வரும்போது வலது ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி அதை நீக்கிவிட்டு, முழு முகவரியையும் ஒரு முறை கையால் தட்டுங்கள். பத்து இருபது பேருக்கு ஒரே தொல்லை என்றால், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பழைய உள்முகவரியைப் புதுப் பெட்டியோடு சேர்த்துவிட முடியும். அதை அவரிடம் கேளுங்கள்.

அப்புறம், முகவரிகளை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் வேலை. சிஎஸ்வி என்று ஒரு வகை, விகார்டு என்று ஒரு வகை. இரண்டையுமே எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன்: சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து, அதையே சேமிக்காதீர்கள். எக்செல் எண்ணைப் போலத் தெரிவதையெல்லாம் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். காரைக்குடியின் தொலைபேசிக் குறியீடான 04565-இல் முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். 91, 60, 65 என்று நாட்டுக் குறியோடு எழுதிய கைப்பேசி எண்களில் கூட்டல் குறி போய்விடும். பன்னிரண்டு இலக்கம் என்றால் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் சுருங்கியதுதான் மிஞ்சும், கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. தமிழ்ப் பெயர்களும் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும். திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், எக்செல்லின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, தமிழ் எழுத்துச் சரியாகத் தெரிய யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்து, தொலைபேசி வரிசையை எழுத்து வகை என்று குறித்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் புதுக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். உள்ளே பெயர் பத்திரமாக இருக்கிறது. அந்த எழுத்துருவை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றுவதை இந்த முறையோடு முடித்துவிடுவது நல்லது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நிறைய நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தேன். பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைப்பது நம் வழக்கம். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூன்று பேரும் தம் மகனுக்கு அப்பச்சி (அப்பா) பெயரை வைப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று சிதம்பரம், மூன்று மீனாட்சி. விலாச எழுத்துகளும் (இனிஷியல்) ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நாம் குழம்புவதில்லை, கோலாலம்பூர் சிதம்பரம், டாக்டர் சிதம்பரம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் கணினிக்கு இது தெரியாது. இரண்டு தடவை ஏற்றியதால் பெயர்கள் இரட்டிப்பாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் தொடர்புகளில் 'ஒன்றாக்கு' என்ற வசதி வந்து நிற்கும், 'எல்லாவற்றையும் ஒன்றாக்கு' என்று ஒரு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானை நம் வீட்டுப் பட்டியலில் அழுத்தவே கூடாது. அழுத்தினால் பெயர் ஒத்துப்போகிற மூன்று சிதம்பரமும் ஒரே ஆளாகிவிடலாம். அந்த ஒருவருக்கு மூன்று மெயில் முகவரி; நீங்கள் பெயரைத் தட்டினால் முதலாவதாக இருப்பதற்கு மட்டும் போய்விடலாம். மற்ற இருவருக்கும் கடிதம் நின்றுபோனது உங்களுக்குத் தெரியக்கூட வராது, ஏனென்றால் எதுவும் திரும்பி வராது.

ஒவ்வொரு சோடியாகப் பார்த்து, மெயில் முகவரியும் ஒன்றுதான் என்றால் மட்டும் சேருங்கள். அலுப்பான வேலைதான். வீட்டு உறவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பெரும்பாலும் ஆச்சிகளுக்குத்தான் இந்தக் கணக்கு முழுசாகத் தெரிகிறது. தெரியாமல் ஏற்கெனவே அழுத்திவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கூகிள் தொடர்புகளில் 'மாற்றங்களைத் திரும்பப் பெறு' என்ற வசதியால் 30 நாளுக்குள் எந்த நாளின் நிலைக்கும் பட்டியலைத் திருப்பலாம். அந்த 30 நாள் தாண்டிவிடக் கூடாது. அதனால் மாற்றிய வாரத்திலேயே பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துவிடுங்கள்.

மறுபடி இந்தக் குழப்பம் வராமல் இருக்க, பெயருக்குப் பக்கத்திலேயே அடையாளம் எழுதுங்கள். பெயரை முதல் கட்டத்தில் போட்டு, விலாச எழுத்தை இரண்டாவது கட்டத்தில் போட்டு, ஊரையும் இன்னார் மகன் என்பதையும் கூடவே சேர்த்துவிடுங்கள். சில வீடுகளில் குறிப்புப் பகுதியில் கோயில், வட்டகை (ஊர்த் தொகுதி), கல்யாண நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மிக அருமையான வழக்கம். ஆனால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முதலில் உதிர்வது இந்தக் குறிப்புகள்தான். ஏற்றும்போது எந்த வரிசை எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கும் திரையில், குறிப்பு வரிசைக்கும் இடம் காட்டியிருக்கிறோமா என்று பாருங்கள்.

குழுக்களும் அப்படித்தான். 'பெரிய வீட்டுப் பங்காளிகள்' என்று நாற்பது பேரை ஒரே பெயரில் வைத்திருப்பீர்கள். சிஎஸ்வியாக எடுத்தால் நாற்பது பேரும் வருவார்கள், குழு பல மென்பொருள்களில் வராது. குழுவில் யார் யார் என்பதைத் தனியாக ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனைக் கடிதம் அனுப்புங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி எல்லோரையும் பிசிசி கட்டத்தில் போட்டு, வந்ததா என்று ஒரு வரி பதில் கேளுங்கள். திரும்பி வருகிற கடிதங்களில் ஓர் எண் இருக்கும். 5.1.1 என்றால் அந்த முகவரியே இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், அல்லது வேலையிலிருந்து ஓய்வு பெற்றதோடு அலுவலக முகவரி நின்றிருக்கலாம். 5.2.2 என்றால் முகவரி சரி, பெட்டி நிறைந்திருக்கிறது. அழித்துவிடாதீர்கள், போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பழைய கணினியை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் 'சென்ட்' பெட்டியைத் திறங்கள். போன வருஷம் படைப்புக்கு எழுதிய கடிதம் இருந்தால் அதில் எல்லோர் முகவரியும் இருக்கும். பிசிசியில் போட்டவர்கள்கூட பெரும்பாலும் அனுப்பியவரின் பிரதியில் தெரிவார்கள். அந்தப் பெட்டியும் போய்விட்டது என்றால், கடிதம் வந்து சேர்ந்த பங்காளி ஒருவரைக் கூப்பிட்டு, அதை அப்படியே உங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வெளிப்படையாக 'டு' கட்டத்தில் போட்ட எல்லோரும் அந்த ஒரு கடிதத்திலேயே கிடைத்துவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.