முள்ளும் தந்தும்: தாவரங்களில் அமைப்பொத்த அங்கங்கள்

(திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாரி தொடங்கியதும் நம் பற்றைக்காடுகளில் ஏறிப் படரும் கார்த்திகைப்பூக் கொடியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பூவை விட்டு அதன் இலையை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. அடியிலுள்ள இலைகள் வெறும் கூர்நுனியோடு நிற்க, மேலே போகப் போக அந்த நுனி நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றும் தந்தாகிவிடுகிறது. இலை தந்தாகத் திரிபடைவதை ஒரே தண்டில் படிப்படியாகக் காட்டும் இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிட்டாது.

வேலியில் படரும் கொடித்தோடைக்கும் தந்து உண்டு. ஆனால் அது இலையின் கக்கத்திலிருந்து, அதாவது கிளையோ பூவோ தோன்றவேண்டிய இடத்திலிருந்து புறப்படுகிறது; ஆகவே அது தண்டின் திரிபு. போகன்வில்லாவின் முள்ளும் அதே கக்கத்தில்தான் நிற்கிறது. ஒன்று பற்றுகிறது, மற்றொன்று குத்துகிறது; இருந்தும் அவ்விரண்டுமே அமைப்பொத்த அங்கங்கள், அதாவது தொழில் வேறானாலும் ஒரே அடிப்படை உறுப்பிலிருந்து திரிபடைந்தவை. கார்த்திகைத் தந்தும் கொடித்தோடைத் தந்தும் தொழிலொத்தவை மட்டுமே; செய்யும் வேலை ஒன்று, திரிபடைந்த உறுப்பு வேறு. பரீட்சையில் பலர் தடுமாறுவது இங்கேதான்: தொழிலைப் பார்க்குமுன் உறுப்பு நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த நாகதாளியில் பச்சைத் தட்டு தண்டு, முள்தான் இலை. இளந்தட்டில் சின்னஞ்சிறு கூம்பு இலைகள் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும்; அவற்றின் கக்கவரும்புகளில் எழும் முட்கள் அவ்வரும்புகளின் திரிபடைந்த இலைகள். செடி விரும்பி இதைச் செய்யவில்லை. வறண்ட நிலத்தில் அகன்ற இலை நீரை வீணே இழந்ததால், இலை சிறுத்து, ஒளித்தொகுப்பைத் தண்டு ஏற்றுக்கொண்ட வழித்தோன்றல்களே தலைமுறை தலைமுறையாக அதிகம் பிழைத்தன. கூர்ப்பு (பரிணாமம்) புதிய உறுப்பைத் தேடிப் போவதில்லை, இருப்பதையே திருத்துகிறது.

பூவின் உறுப்புகளும் இலையின் திரிபுகளே என்று ஜேர்மானியக் கவிஞர் கதே 1790 இல் எழுதினார். அன்று அதைச் சோதிக்க வழியில்லை. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடொப்சிஸில், பூவுறுப்புகளை நிர்ணயிக்கும் மூவகைப் பரம்பரையலகுகளும் (ஜீன்களும்) ஒருங்கே செயலிழந்தால், புல்லி, அல்லி, கேசரம், சூல்வித்திலை ஆகிய நான்கின் இடத்திலும் இலை போன்ற உறுப்புகளே தோன்றும் என்பது 1991 இல் காட்டப்பட்டது. அதற்கு மறுதலையாக, உரிய பரம்பரையலகுகளைச் சேர்த்து இயக்கி இலையையே அல்லியாக மாற்றவும் 2001 இல் ஆய்வாளர்களால் முடிந்தது.